ஒன்பதரை மணி நேயர்களுக்கு ஒரு திறந்த மடல்



விடியுமுன் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறும் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் குனிந்து காய் எடுத்து, பொழுது சாயும் வேளையில் இறங்கி வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பாடா என்று கூடத்துச் சுவரில் முதுகு சாய்க்கிற அந்த இரவு ஒன்பதரை மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வந்து அமர்ந்த தாய்மார்களையும், 'எனக்கு அதெல்லாம் பார்க்கப் பொறுமை கிடையாது' என்று சொல்லிக்கொண்டே திண்ணையிலிருந்து ஜன்னல் வழியாகக் கண்ணையும் காதையும் உள்ளே அனுப்பிய ஆடவர்களையும் ஒருங்கே விளித்து இம்மடலை எழுதுகிறேன். நான் உங்களில் ஒருவன். கடமலைக்குண்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த மண்ணில் பிறந்து, நம் வீட்டுக் கூடங்களில் ஓராண்டுக்கும் மேலாக ஒலித்த ஒரு குரலுக்கு உரியவராகிய நடிகர் ஜி. மாரிமுத்துவைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று நெடுநாளாக என் மனத்தில் ஓர் எண்ணம் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்ப் பெண்கள் தொலைக்காட்சித் தொடரை 'நாடகம்' என்றே சொல்கிறார்கள். 'நாடகம் போட்டாச்சா?' என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வரும்போதெல்லாம், என் பிள்ளைப் பிராயத்துக் கோயில் கொடைகள் நினைவுக்கு வருகின்றன. சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு விடிய விடிய வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் பார்த்த தலைமுறை நாங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேஷங்களுக்குத் தனித்தனிப் பெயரும் தனித்தனி மவுசும் இருந்த காலம். அந்த நாடகங்களுக்கெல்லாம் மூலபுருஷராகிய சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ஆம் ஆண்டு மதுரையிலே பால நாடக சபை கண்டு சிறுவர்களைப் பழக்கியவர், தம் வாலிபத்தில் தாமே எமனாகவும் சனீசுவரனாகவும் வேஷங்கட்டித் தோன்ற, பார்த்தவர்கள் நடுங்கிப் போன செய்திகள் நாடகக்காரர் நடுவே இன்றும் வழங்குகின்றன. கருஞ்சாயமும் கோரைப் பல்லும் பாசக்கயிறும் அந்த நடுக்கத்துக்குத் துணை செய்தன. ஆனால் சாயம் ஏதும் பூசாமல், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, நம் சித்தப்பா பேசுவது போலவே பேசி ஒருவர் நம்மை நடுங்க வைப்பார் என்பதை எங்கள் தலைமுறை நினைத்தும் பார்த்ததில்லை.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' தொடங்கிற்று. முன்பு 'கோலங்கள்' தந்த திருச்செல்வம் இயக்கிய தொடர். மதுரையில் ஒரு பெரிய வீடு, நான்கு சகோதரர்கள், படித்த பெண்களாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து படிப்பை அடுப்பங்கரையில் அடைத்து வைக்கிற குடும்ப வழக்கம், அவ்வழக்கத்தின் காவலராக மூத்தவர் ஆதி குணசேகரன்: கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல விரும்புவது அந்தக் குணசேகரனுக்கு உடல் கொடுத்தவர் வந்த வழியைப் பற்றி.

மேகமலைக்கு மேற்கே முல்லைப் பெரியாற்று நீரால் பசுமை பூண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. அதே மலைக்குக் கிழக்கே, வைகை பிறந்து ஓடியும் பெரும்பொழுது மணலாகவே கிடக்கும் மூல வைகையின் கரையில், மழையை நம்பி மானாவாரியாக வாழ்வது வருசநாடு. ஒரே மலையின் இரு புறங்கள்; ஒன்று செழிப்பு, மற்றொன்று காத்திருப்பு. அந்த வருசநாட்டை அடுத்த பசுமலைத்தேரி என்னும் சிற்றூரில் பிறந்த மாரிமுத்து, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சினிமா இயக்குநராக வேண்டும் என்ற ஒரே ஆசையைக் கைம்முதலாகக் கொண்டு, வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனார். போனவரை ராஜபாட்டை விரித்து யாரும் வரவேற்கவில்லை. ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து வயிற்றைக் கழுவினார். பிறகு, நம் மாவட்டத்துக்காரரே ஆகிய கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராக 'அரண்மனைக்கிளி'யிலும் (1993) 'எல்லாமே என் ராசாதான்' (1995) படத்திலும் பணியாற்றி, பின்னர் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா முதலானோரிடமும் வேலை பார்த்தார்.

உதவி இயக்குநர் என்ற ஸ்தானம் எத்தகையது என்பதை இங்கே நின்று யோசிக்க வேண்டும். வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடிகருக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பவர் அவர்; நேற்றெடுத்த காட்சியில் துண்டு எந்தத் தோளில் கிடந்தது என்பதை இன்றைக்கு ஞாபகம் வைத்துச் சொல்பவர் அவர்; புதிதாக வந்த நடிகருக்கு 'இப்படிச் சொல்லுங்கள், இந்த இடத்தில் நிறுத்துங்கள், அப்புறம் திரும்புங்கள்' என்று தாமே நடித்துக் காட்டுபவர் அவர்; நூறு பேர் நடிப்பைக் கிட்ட நின்று பார்த்தும், தம் முகத்தைக் காமிராவுக்குப் பின்னாலேயே வைத்திருப்பவர் அவர். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலம் இந்தத் தொண்டைச் செய்தபின் 2008-இல் பிரசன்னாவையும் உதயதாராவையும் கொண்டு 'கண்ணும் கண்ணும்' என்ற படத்தை இயக்கினார். ஆறு ஆண்டு கழித்து, 2014-இல், மலையாளப் படமொன்றைத் தழுவிப் 'புலிவால்' எடுத்தார். இரண்டே படங்கள். எந்தக் கனவுக்காக ஊரை விட்டுப் போனாரோ அந்தக் கனவு இவ்வளவுதான் பலித்தது என்று கணக்கெழுதி முடித்துவிடலாம்.

ஆனால் இடையில், 2011-இல், மிஷ்கின் தம் 'யுத்தம் செய்' படத்தில் அவரைக் காவல் துறை அதிகாரியாக்கிக் காமிராவின் முன்னால் நிறுத்தினார். அதன்பின் 'கொம்பன்', 'மருது', 'கொடி', 'கடைக்குட்டி சிங்கம்' என்று ஆண்டுதோறும் படங்கள் வந்தன. அண்ணன், மாமன், தந்தை, அதிகாரி, ஊர்ப் பெரிய மனிதர் என்று கதாநாயகனைச் சுற்றி நிற்கும் வேஷங்கள். இத்தகையவரைக் குணச்சித்திர நடிகர் என்கிறார்கள், நல்ல பெயர்தான். கதாநாயகனுக்குப் பிறப்பு முதல் வெற்றி வரை சொல்ல இரண்டரை மணி நேரம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, சண்டை இருக்கிறது. குணச்சித்திர நடிகருக்கோ சில நாள் கால்ஷீட்டும் நாலைந்து காட்சிகளுமே கிடைக்கின்றன. அந்த நாலைந்து காட்சிக்குள் ஐம்பது வருஷம் வாழ்ந்த ஒரு மனிதனை, அவன் பட்ட கடனோடும் பெற்ற பிள்ளைகளோடும் மனத்தில் வைத்திருக்கும் பயத்தோடும், கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட வேண்டும். அது எளிய காரியம் அன்று.

மெய்யாகவே அது எவ்வளவு அருமையான காரியம் என்பதை 2018-இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கண்டேன். அதில் மாரிமுத்து கதாநாயகியின் தந்தை. தம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கதாநாயகன் பரியனைத் தனியறைக்கு அழைத்துப்போய்ப் பேசிக்கொண்டிருக்கையில், உறவுக்காரப் பையன்கள் உள்ளே புகுந்து அவனை அடித்து இழிவு செய்கிறார்கள். அந்தத் தந்தை அடிக்கவில்லை. அடிப்பவர்களைத் தடுத்து நிறுத்தும் வலிமையும் அவருக்கு இல்லை. பிறகு அந்தப் பையனிடமே, என் மகளை விட்டுவிடு, இல்லாவிட்டால் உங்கள் இருவரையுமே இவர்கள் உயிரோடு விடமாட்டார்கள் என்று மன்றாடும்போது அவர் முகத்தில் இரக்கமும் கோழைத்தனமும் சாதி அபிமானமும் பெண்ணைப் பெற்றவனின் அச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகின்றன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. படத்தின் இறுதியில் அதே தந்தை மகளோடு வந்து பரியனுடன் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒரு தலைமுறை மன்னிப்பின் வாசல்வரை வந்து நின்றுவிட்டு, இனி எப்படி மாறுகிறது பார்ப்போம் என்ற அளவில் பேச்சை நிறுத்திக்கொள்கிறது. இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், இடையே ஒரு பூ. அந்தக் காட்சி நியாயத்தின் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடாமலும் அநியாயத்தின் பக்கம் சரிந்துவிடாமலும் நின்றதற்கு, அந்தத் தந்தையைக் கெட்டவனாகவும் காட்டாமல் நல்லவனாகவும் காட்டாமல் நடித்த நடிகரின் நிதானமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

இந்தத் தயாரிப்போடுதான் அவர் தொலைக்காட்சிக்கு வந்தார். இருபது ஆண்டு பிறர் நடிப்பைப் பார்த்த கண், பத்து ஆண்டு சிறு வேஷங்களில் பழகிய உடல், பசுமலைத்தேரியில் ஊறிய நாக்கு. சினிமாவில் நாலு காட்சி கிடைத்தவருக்கு இங்கே நாள்தோறும் காட்சி கிடைத்தது. வில்லன் என்றால் புருவத்தை நெறிக்க வேண்டும், உரக்கச் சிரிக்க வேண்டும் என்ற மரபையெல்லாம் அவர் ஒதுக்கி வைத்துவிட்டார். குணசேகரன் தன்னைக் கொடுமைக்காரன் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. குடும்பத்தைக் கட்டிக்காக்கிறேன் என்றே நம்புகிறான். தம்பிமாருக்கு அன்பானவன், தாய்க்கு மகன், ஊரில் மதிப்புள்ளவன். வீட்டுப் பெண் ஒருத்தி வாசலைத் தாண்ட எத்தனிக்கும் அந்த நிமிஷத்தில்தான் அவன் யார் என்பது வெளியாகிறது. அதையும் பெரும்பாலும் அவன் குரலை உயர்த்தாமலே, 'ஏய், இந்தாம்மா' என்ற இரண்டு சொற்களில் செய்து முடித்துவிடுகிறான்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'இந்தா' என்பது நம் மொழியில் கொடுக்கும் கையின் சொல். பிள்ளைக்குப் பண்டம் நீட்டுகிற தாய் 'இந்தா' என்கிறாள்; வாங்கிய கடனைத் திருப்புகிறவன் 'இந்தா' என்று எண்ணி வைக்கிறான்; பெயர் தெரியாத பெண்ணை வழியில் மறித்துக் கேட்க வேண்டுமானால் நம் பக்கத்தில் 'இந்தாம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம். 'அம்மா' என்பதற்கோ விளக்கமே தேவையில்லை. இவ்வளவு இதமான இரண்டையும் சேர்த்து, முன்னால் ஓர் 'ஏய்' போட்ட மாத்திரத்தில், கொடுக்க நீண்ட கை அப்படியே ஓங்கிய கையாகிவிடுகிறது. வசைச்சொல் ஒன்றும் அதில் இல்லை. பஞ்சாயத்தில் வைத்துக் கேட்டால் தப்பாக என்ன சொன்னேன் என்று கேட்கலாம். இந்த நுட்பம் எழுத்தில் வராது, காதால் கேட்டால்தான் வரும். மேகமலையின் இரு பக்கத்து வீடுகளிலும் அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் உச்சரித்ததால்தான் அது தமிழ்நாடு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது என்பது என் துணிபு.

என் பெரியப்பா ஊரில் நல்லவர் என்று பெயர் வாங்கியவர். பிறரைக் கைநீட்டி அடித்ததில்லை. நாலு பேர் வழக்கைத் தீர்த்து வைத்தவர். ஆனால் பெரியம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. தலையை நிமிர்த்தாமல் ஒரு 'ஏய்' அல்லது ஒரு செருமல், அவ்வளவுதான். தண்ணீர்ச் செம்பு வந்துவிடும். அவர் காலமான பிறகு ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் பெயரை மாற்றுவதற்காகப் பெரியம்மாவை நான் ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எழுத்தர் 'பேர் என்னம்மா?' என்று கேட்டபோது அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மறந்துபோகவில்லை, தன் பெயரைத் தன் வாயால் ஓர் அந்நியரிடம் சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை அது. அன்றைக்கு எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

விளங்கியது, 'எதிர்நீச்சல்' ஓடிய ஓர் இரவில். படித்த மருமகள் ஒருத்தி வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்கிறாள்; குணசேகரன், குடும்பம் என்னாவது, யார் பார்த்துக்கொள்வது என்று நிதானமாக, அக்கறையாக, நியாயமாகவே பேசுகிறான். கூடத்தில் நான் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். 1989-இல் உத்தமபாளையம் பக்கத்துப் பள்ளியொன்றுக்கு அவளுக்கு ஆசிரியர் பணி உத்தரவு வந்தது. பிள்ளைகள் சிறியவை, ஆத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். குரலை உயர்த்திச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னேன். அந்தத் தாளை அவள் நான்காய் மடித்து டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு நடிகர் என் சொற்களை என் குரலிலேயே எனக்குத் திருப்பிச் சொன்னபோது எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாமல் இருந்தேன். நான் படித்த நீதிநூல் எதுவும் என்னை அந்த நாற்காலியில் அப்படிக் கட்டிப்போட்டதில்லை.

நேயர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பார்வை ஏதோ ஓர் இரவில் திரும்பியிருக்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எண்பதைக் கடந்த என் ஆத்தா, குணசேகரன் திரையில் வந்து நின்றாலே 'வெளங்காமப் போவான், வந்துட்டான் பாரு' என்று வைவாள். அவரும் நம் வருசநாட்டுக்காரர்தான் ஆத்தா என்று சொன்னால் நம்பமாட்டாள். 'நம்மூருப் புள்ள இப்படியா இருக்கும்?' என்பாள். நடிகனுக்குக் கிடைக்கும் விருதுகளில் இதற்கு மேற்பட்டது ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் சிறுவனாய்ச் சேர்ந்து வளர்ந்த எம்.என். நம்பியார், வாழ்க்கையில் விரதமும் பூஜையுமாய் இருந்தவர், திரையில் கண்டவுடன் தாய்மார்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார் அல்லவா? அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஏச்சு அது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி ரஜினிகாந்தின் 'ஜெயிலர்' வெளியாயிற்று; அதில் வில்லனின் கூட்டத்தில் ஒருவராக மாரிமுத்துவைத் திரையரங்குகளில் பார்த்தோம். நாடு முழுதும் அறிந்த முகமாகிவிட்டார் என்று மகிழ்ந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி காலை, சென்னையில், 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கையில் நெஞ்சில் வேதனை கண்டது. தாமே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்; அங்கே உயிர் பிரிந்தது. அறுபதை எட்டாத வயது. பகலில் நடித்த காட்சிக்குப் பின்னொரு நாள் இருட்டறையில் நின்று குரல் கொடுப்பது தொடர் நடிகரின் அன்றாட உழைப்பு. அந்த உழைப்பின் நடுவிலேயே அந்தக் குரல் நின்றுவிட்டது. உடலைப் பசுமலைத்தேரிக்குக் கொண்டுவந்தார்கள். எந்த மண்ணை விட்டு ஓர் இளைஞனாகப் புறப்பட்டாரோ அந்த மண்ணிலேயே இறுதிச் சடங்கு நடந்தது.

அன்று மத்தியானம் நான் செய்தியைச் சொன்னபோது, ஆத்தா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'நேத்துக்கூட வஞ்சேனேப்பா' என்றாள்.

இங்கே மனத்தாங்கலான ஒரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். சோதிடத்தில் நம்பிக்கையில்லாதவர் அவர். மறைவதற்குச் சிறிது காலத்துக்கு முன் தொலைக்காட்சி விவாதமொன்றில் அதைத் தயங்காமல் எடுத்துரைத்தார். அவர் மறைந்தபின், அந்தப் பேச்சுக்கும் அந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட்டுச் சிலர் பேசினார்கள். தந்தையை இழந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய பேச்சா அது? கொள்கையில் வேறுபடுவது வேறு. ஒரு சாவைத் தம் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பது வேறு. நம் பள்ளத்தாக்கில் பகைவன் வீட்டுச் சாவுக்கும் ஆறாத கோபத்தை அடக்கிக்கொண்டு போய் நிற்கும் வழக்கம் உண்டு. அந்தப் பண்பு நமக்கு நீங்காதிருக்கட்டும்.

பிறகு வேல. ராமமூர்த்தி குணசேகரன் வேஷத்தை ஏற்றார். 'குற்றப் பரம்பரை' எழுதிய அந்த எழுத்தாளர், நிரப்ப முடியாத நாற்காலி என்று தெரிந்தே வந்து உட்கார்ந்து தம் வழியில் நடித்தார். 2024 ஜூன் மாதம் தொடர் நிறைவுற்றது. அவ்வாண்டு வெளியான 'இந்தியன் 2'-இல் மாரிமுத்துவை மறுபடியும் திரையில் கண்டோம். மறைந்தவரின் முகம் உயிரோடு பேசுவதைப் பார்ப்பது நம் காலத்து மனிதனுக்கு வாய்த்திருக்கும் விசித்திரமான துயரம்.

இனி என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். 'ஏய், இந்தாம்மா' என்பது இன்று விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. கைபேசியில் துணுக்குப் படமாக ஓடுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் இளைஞர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். கல்லூரிப் பெண்ணைப் பார்த்துப் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் சொல்லிவிட்டு நண்பன் முதுகில் தட்டிக்கொள்வதைத் தேனியிலேயே கண்ணால் கண்டேன். அதிலும் கொடிது, சில வீடுகளில் ஆடவர்கள் சிரிப்பின் போர்வையிலே அதை மெய்யாகவே பிரயோகிக்கிறார்கள். சொன்ன பிறகு 'சும்மா, மாரிமுத்து மாதிரி' என்று சமாளித்துவிடலாம் அல்லவா? ஒரு நடிகர், நம் வீடுகளில் கிடந்த ஒரு நோயை வெளியே எடுத்து விளக்கின் கீழ் வைத்துக் காட்டினார். நாம் அதையே எடுத்துப் பொட்டாக வைத்துக்கொள்கிறோம். அவருக்கு இதைவிடப் பெரிய அநீதியை அவருடைய விரோதியும் செய்திருக்க முடியாது. தம்பிமார்களே, அவரை உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அவர் எதைக் கண்டு நாம் வெட்கப்பட வேண்டும் என்பதற்காக நடித்தாரோ அதைக் கண்டு வெட்கப்படுங்கள்.

இன்னொன்று. நாம் நடிகர்களைக் கொண்டாடத் தெரியாதவர்கள் அல்லர். 1962-இல் எஸ்.எஸ். இராஜேந்திரனைத் தேனித் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு அனுப்பினோம். நாட்டிலேயே அப்படித் தேர்வான முதல் நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருக்க, இங்கே ஆண்டிபட்டியில் அவரை ஜெயிக்க வைத்தோம். 2002-இலும் 2006-இலும் ஜெயலலிதாவை அதே ஆண்டிபட்டி தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டிபட்டித் தொகுதிக்குள்ளேதான் வருசநாடு இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த நாயக நாயகியருக்கு மூட்டை மூட்டையாக வாக்களித்த மண், தன் வயிற்றில் பிறந்த குணச்சித்திர நடிகருக்கு என்ன செய்தது? சிலை வைக்கச் சொல்லவில்லை. சிலைகள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கின்றன. அல்லிநகரத்துப் பாரதிராஜாவையும் பண்ணைப்புரத்து இளையராஜாவையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் அழியாது. ஆனால் நாலு காட்சியில் வந்து போனவர்களின் பெயரை அவர்கள் ஊர்தான் எழுதி வைக்க வேண்டும். எந்தப் படத்தில் எந்த வேஷம், யாரிடம் தொழில் கற்றார், எந்தக் காட்சியில் என்ன செய்தார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதி நம் கிளை நூலகத்தில் வைப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டாம். கோயில் கொடைக்குத் திரை கட்டிப் படம் போடுகிற இளைஞர் மன்றத்தார், ஒரு வருஷமாவது 'பரியேறும் பெருமாள்' போடுங்கள். அந்தக் கல்யாண மண்டபத்து அறையில் நம்மூர்க்காரர் முகத்தை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்க நானும் வந்து ஓர் ஓரமாய் உட்காருகிறேன்.

சென்னைக்குப் பஸ் ஏறக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலரும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு நான் புத்திமதி சொல்லப் போவதில்லை. அந்த உலகம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆத்தா வைததும் சித்தப்பா அதட்டியதும் டீக்கடையில் பெரியவர்கள் இழுத்து இழுத்துப் பேசுவதும் உங்களுக்குப் பட்டிக்காட்டுப் பேச்சாக இருக்கும். துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றும். மாரிமுத்து முப்பது வருஷம் சென்னையில் இருந்தும் அந்தப் பேச்சைத் துடைக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு துக்க காரியமாக என் மனைவியும் நானும் கடமலைக்குண்டிலிருந்து வருசநாட்டுக்கு டவுன் பஸ்ஸில் போனோம். கூட்டம். நாங்கள் ஏறிய நிறுத்தத்தில், தலையில் கீரைக்கட்டோடு ஒரு கிழவி ஏறி, நிற்க இடமில்லாமல் கம்பியைப் பற்றிக்கொண்டு தடுமாறினாள். இளவயதுக் கண்டக்டர், பையை ஒதுக்கிக்கொண்டு நெருக்கி வந்து, மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து, அவள் கைக்கு எட்டும்படித் தாழ்த்திப் பிடித்து, 'இந்தாம்மா' என்றார். அப்புறம் முன் ஸீட்டில் இருந்த பையனை எழுப்பிவிட்டு, கீரைக்கட்டைத் தாமே இறக்கி வைத்தார். என் மனைவிக்கும் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டி, அதே குரலில், 'இந்தாம்மா' என்றார். அவள் அதை வாங்கி, இரண்டாய் மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள். பஸ் மயிலாடும்பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மூல வைகையில் அன்றைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிற்று.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
கடமலைக்குண்டுப் பக்கத்துப் பழைய தமிழாசிரியன்